பூம்பாத்திக்கு ஏற்ற மரம்

வீட்டு முற்றத்திலே நாலு பூச்செடி நிற்பது வீட்டுக்கு அழகு. பாடசாலை முன்றிலிலே மாணவர் தம் கையால் நட்டு நீரூற்றிய செவ்வந்தி பூத்து நிற்பது அழகு மாத்திரமன்று; அது கல்வியின் ஒரு பகுதியுமாகும். நிலமட்டத்திலே மண்ணை அணைத்துப் பாத்தி கட்டுவது இந்நாட்டுப் பழைய வழக்கம். அதனோடு, பலகைகளை நாற்புறமும் நிறுத்தி, அவற்றின் நடுவே மண்ணும் எருவும் இட்டு நிரப்பி, நிலத்திற்கு மேலே பாத்தி அமைக்கும் முறையும் இக்காலத்திற் பரவி வருகின்றது. இதனை மேட்டுப்பாத்தி என்று சொல்லலாம்.

இம்முறை வெறும் நாகரிகத்துக்காக வந்ததன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சில பகுதிகளில் ஓரடி ஆழம் தோண்டுமுன்னரே சுண்ணக்கல் தட்டுப்படும். அங்கே வேர் ஓடுவதற்கு மண் போதாது. கொழும்பையும் அதனைச் சூழ்ந்த தாழ்நிலங்களையும் எடுத்துக்கொண்டால், மழைநீர் வடியாது தேங்கி வேரை அழுகச்செய்யும். மட்டக்களப்புக் கரையோரத்து மணல் ஊற்றிய நீரைப் பிடித்து வைப்பதில்லை. மலைநாட்டிலோ சரிவிலிருக்கும் மண் மழையோடு கழுவப்பட்டுப் போகின்றது. நோய் நான்கானாலும் மருந்து ஒன்றே. நல்ல மண்ணை உயர்த்திக் கட்டி வைத்துக்கொள்வதே அது. குனிந்து நிமிர இயலாத முதியோர்க்கும் இப்பாத்தி பெரிய உதவி.

ஆனால், இத்தகைய பாத்தி அமைப்போரிற் பலர் மண்ணைப் பற்றி ஆராய்வர். எருவைப் பற்றி ஆராய்வர். எந்தச் செடியை எப்போது நடுவது என்று நாலு பேரிடம் கேட்பர். அம்மண்ணைத் தாங்கி நிற்கும் பலகையைப் பற்றி மாத்திரம் ஆராய்வதில்லை. வளவின் மூலையிலே கிடந்தது எதுவோ, மரக்காலையில் மலிவாய்க் கிடைத்தது எதுவோ, அதனை அறைந்து விடுவர். முதல் மாரி கழியும். பாத்தி நன்றாகவே இருக்கும். இரண்டாம் மாரியில் பலகை புடைக்கும். மூன்றாம் மாரியில் மூலை கழன்று மண் சரிந்து, செடியும் சாய்ந்து கிடக்கும். பலகையைக் கையால் அமுக்கிப் பார்த்தால் அது உள்ளே உக்கி மாப்போல உதிரும். பணமும் உழைப்பும் வீண். அதற்கஞ்சி வேறு சிலர் மரத்துக்கு நஞ்சூட்டுகின்றனர். அவ்வாறு செய்தால் மரம் நிலைக்கும், மண் கெடும். இவ்விரண்டு தீங்கும் இல்லாமல் மரத்தைத் தேர்வது எப்படி என்பதே இன்றைய ஆராய்ச்சி.

மரத்தைத் தேருமுன் மரத்தின் பகைவர் யாவர் என்று அறிதல் வேண்டும். மண்ணோடு சேர்ந்த மரத்துக்கு இரண்டு பகை உண்டு. ஒன்று பூஞ்சணம், மற்றது கறையான்.

மரம் தானாக உக்குவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத பூஞ்சண இழைகள் அதனுள்ளே புகுந்து அதனை உணவாகக் கொள்வதனாலேயே உக்குகின்றது. அப்பூஞ்சணம் வாழ்வதற்கு உணவு, ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய நான்கும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது வளராது. மரத்தின் உலர்ந்த நிறையிலே நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரமிருக்குமாயின் உக்கற் பூஞ்சணம் தலையெடுக்க மாட்டாது. அதனாலேயே கூரையின் கீழ் உலர்ந்திருக்கும் வளையும் தீராந்தியும் தலைமுறை தலைமுறையாக நிற்கின்றன. முழுவதும் நீரினுள் அமிழ்ந்த மரமும் எளிதில் உக்குவதில்லை. அங்கே காற்று இல்லை. இத்தாலி நாட்டு வெனிஸ் நகரத்து மாளிகைகள் சேற்றினுள் அறையப்பட்ட மரக்கட்டைகளின்மேலே நூற்றாண்டுக் கணக்காக நிற்பதற்கு இதுவே காரணம். ஈரமும் காற்றும் ஒருங்கே பொருந்துமிடம் நிலமட்டம். வேலிக்கு நட்ட கட்டை ஒன்று உக்கிச் சாயும்போது பார்த்தால், அது மண்ணின் மட்டத்தை ஒட்டியே முறிந்திருக்கும். மேட்டுப்பாத்தியின் பலகையோ ஒரு பக்கம் எப்போதும் ஈர மண்ணும், மறுபக்கம் காற்றுமாய், தன் அகலம் முழுவதிலும் அந்த நிலமட்டத்தின் நிலையிலேயே இருக்கின்றது. ஆகவே, வீட்டுக்கூரையிலே நூறாண்டு நிற்கும் மரமெல்லாம் பாத்தியிலும் அவ்வாறே நிற்குமென்று எண்ணுதல் தவறு.

அடுத்த பகை கறையான். கார்ல் எஷெரிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் இலங்கைக் கறையான்களின் வாழ்க்கையை ஆராய்ந்து 1911ஆம் ஆண்டில் ஒரு தனி நூலே வெளியிட்டார் என்றால், இத்தீவில் அவற்றின் ஆட்சி எத்தகையது என்பது விளங்கும். கறையான் வெயிலையும் வறட்சியையும் தாங்காது. மண்ணாலே குழாய்போலப் பாதை அமைத்துக்கொண்டு, அந்த ஈரத்தின் துணையோடு மரத்தை அடைகின்றது. மேட்டுப்பாத்தியில் அதற்குப் பாதை அமைக்கும் வேலையும் இல்லை. மண் மரத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கின்றது. மேற்பரப்பைத் தொடாது உள்ளே மாத்திரம் தின்று வருவதால், பலகை கூடாகிய பின்னரே வீட்டுக்காரருக்குச் செய்தி தெரிகின்றது.

இவ்விரு பகையையும் எதிர்க்கும் ஆற்றல் மரத்திடம் எங்கே இருக்கின்றது? அது வயிரத்திலே இருக்கின்றது. உயிருள்ள மரத்தின் வெளிப்புற அடுக்குகள் வேரிலிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும் தொழிலைச் செய்கின்றன. இவற்றில் மாச்சத்தும் வெல்லச்சத்தும் இருப்பதால் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் இது நல்ல உணவு. இதனையே வெளிறு என்றும், தச்சர் வாக்கில் வெள்ளை என்றும் சொல்வர். மரம் முதிர முதிர உள்ளடுக்குகள் அத்தொழிலை விட்டு ஓய்கின்றன. அப்போது அவற்றிலே பிசினும், துவர்ப்பும், எண்ணெயும், கசப்பும் போன்ற பொருள்கள் சேர்ந்து படிகின்றன. நிறம் கறுக்கின்றது அல்லது சிவக்கின்றது. இதுவே வயிரம். தேக்கின் வயிரத்திலே கறையானுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டென்பதை இரசாயன அறிஞர் கண்டுள்ளனர். அந்தத் தேக்கின் வெள்ளையிலோ அக்காப்பு இல்லை. ஆகவே தேக்குப் பலகை என்ற பெயர் மாத்திரம் ஒன்றையும் காப்பாற்றாது.

இந்த உண்மையின் ஒரு பகுதியைத் தமிழர் மிகப் பழைய காலத்திலேயே குறித்து வைத்தனர். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையவற்றைப் புல் என்றும் பகுக்கின்றது. முன்னையது அகக்காழ்; பின்னையது புறக்காழ். பனையும் தென்னையும் மூங்கிலும் புறக்காழ் உடையவை. இலக்கணம் கற்போர் மனனம் செய்யும் இப்பாகுபாடு தோட்டக்காரருக்கும் பயன்படுவது. வேம்பிலும் தேக்கிலும் பலகை தேர்வோர் நடுவிலிருந்து வந்ததைத் தேடவேண்டும். பனையிலும் தென்னையிலும் தேர்வோர் பட்டையை அடுத்த வெளிப்பகுதியிலிருந்து வந்ததைத் தேடவேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தவர் நல்ல மரத்திலேயே கெட்ட பலகையை வாங்கி வருவர்.

இனி, இந்நாட்டிலே கிடைக்கும் மரங்களை வகைப்படுத்திப் பார்க்கலாம்.

முதல் வகுப்பில் நிற்பவை உலர்வலயக் காட்டு மரங்கள். பாலை, முதிரை, சாவண்டலை ஆகியன அவற்றுட் சில. பாலை நீரிலிட்டால் மிதவாது அமிழும் அளவுக்குக் கனமுடையது. ரயில் பாதைக்குச் சிலிப்பர்கட்டையாக இந்நாட்டில் வழங்கியது. முதிரையின் மஞ்சள் ஒளி பெற்ற பலகை கதவுக்கும் தளபாடத்துக்கும் பேர்பெற்றது. சாவண்டலை ஒரு காலத்திலே திருகோணமலை மரம் என்ற பெயருடன் கடல் கடந்து சென்றது. உறுதி ஒன்றையே கருதினால் பாத்திக்குப் பாலையினும் சிறந்ததைக் காண்டல் அரிது. ஆயினும் அதனைப் பாத்திக்கு வாங்கலாமா என்பது வேறு கேள்வி. இம்மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. பாட்டன் காலத்தில் முளைத்த மரம் பேரன் காலத்திலேதான் பலகைக்கு உதவும். பூச்செடிக்கு அணைகட்டுவதற்காக அத்தகைய மரம் ஒன்றைக் காட்டிலே சாய்ப்பது, விளக்கேற்றுவதற்காக வீட்டைக் கொளுத்துவதை ஒக்கும். அன்றியும், காட்டுமரம் 1907ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. அனுமதிப்பத்திரமின்றி மரமேற்றிச் செல்வது குற்றம். மலிவு விலைக்குப் பத்திரமில்லாப் பாலை வருமாயின், அந்த மலிவின் காரணத்தை வாங்குவோர் ஒருகணம் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஆனால், இம்மரங்களை முற்றாக விலக்கவேண்டுவதில்லை. பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது முதிரை நிலைகள், பாலைத் தூண்கள், பனந்தீராந்திகள், பனஞ்சிலாகைகள் ஆகியன குவியலாக வெளிவருகின்றன. முனை உக்கியது, ஆணித்துளை உடையது என்று அவற்றுட் பல விறகுக்குப் போகின்றன. உக்கிய முனையை அரிந்து தள்ளிவிட்டு எஞ்சியதைப் பாத்திக்குக் கொண்டால், காட்டிலே மரமும் தறிபடாது. வாங்குவோருக்குச் செலவும் குறையும். நெடுங்காலம் உலர்ந்த மரமாதலால் இனிமேல் முறுக்கிக்கொள்ளும் அச்சமும் குறைவு. ஒன்றை மாத்திரம் கவனித்தல் வேண்டும். பழைய சாயம் பூசிய மரமாயின் அதை விலக்குவதே நன்று. முற்காலச் சாயங்களிலே ஈயம் கலந்திருத்தல் உண்டு. அச்சாயம் உரிந்து மண்ணிலே கலப்பது பிள்ளைகளுக்குக் கேடு.

அடுத்து வருவது பனை. வடபகுதியிலே பனையை விட்டு மரத்தைப் பற்றிப் பேசமுடியாது. முதிர்ந்த பனையின் புறவயிரம் கறுத்து, நெருங்கிய நாருடன், உளியின் வாயையும் மழுக்கும் வன்மை உடையது. அடிமரத்து வயிரம் நுனிமரத்து வயிரத்தினும் தடிப்பு. உள்ளே இருப்பதோ மெல்லிய சோற்றி. அதனைக் குடைந்தெறிந்துவிட்டு நீர் பாய்ச்சும் பீலியாகப் பயன்படுத்திய மக்கள் அதன் இயல்பை நன்கறிந்தவர். பாத்திக்குப் பனை கொள்வோரும் அவ்வாறே செய்தல் வேண்டும். பிளந்த பனையின் சோற்றியைச் செதுக்கி நீக்கிவிட்டு வயிரப் பாகத்தை நிறுத்தினால் பல மாரிகளுக்குத் தாங்கும். சோற்றியோடு நிறுத்தினால் அது நீரை உறிஞ்சி ஊறி, கறையானுக்கு விருந்தாகி, வயிரத்தையும் கெடுக்கும். இன்னொன்று: பலா, பெண்பனை முதலிய மரங்களை அனுமதியின்றித் தறித்தல் 1951ஆம் ஆண்டின் சட்டத்தினாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. போர்க்காலத்திலே வடக்கும் கிழக்கும் இழந்த பனைகள் மிகப்பல. ஆகவே காற்றில் விழுந்த பனையையும் பழைய வீட்டுப் பனஞ்சாமானையும் கொள்வதே முறை.

தென்னை பனையைப் போன்ற அமைப்புடையதாயினும் வன்மையிற் குறைந்தது. வெளிப்புறத்துக் கடிய பகுதிகூட ஈரமண்ணிலே நெடுநாள் நில்லாது. இரண்டு மூன்று மாரிக்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் ஆகாது. ஆனால் தென்னந்தோப்புள்ள இடங்களில் அது மிக மலிவு. இதன் பயனைப் பின்னர்ப் பார்க்கலாம்.

வளவு மரங்களுள் வேம்பும் பூவரசும் நினைவிற்கொள்ளத் தக்கவை. வேம்பின் சிவந்த வயிரத்தைக் கறையான் எளிதில் அணுகுவதில்லை. பூவரசின் கருஞ்சிவப்பு வயிரம் நீருக்குத் தாங்குவது. கரையோர மக்கள் அதனைத் தோணி வேலைக்குக் கொள்வர். இரண்டும் பெரும்பாலும் நேராக வளர்வதில்லை; நீண்ட பலகை கிடைப்பது அரிது. பூம்பாத்திக்கு நீண்ட பலகை அவசியமுமில்லை. நாலடி, ஐந்தடித் துண்டுகளே போதும். தளபாடக்காரர் விரும்பாத குறுந்துண்டுகள் தோட்டக்காரருக்கு நல்ல வாய்ப்பு. ஒரு செய்தியை மறத்தலாகாது. வேலியிலே கதியாலாக நின்ற இளம் பூவரசை அரிந்தால் அது பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும்; அது பயனற்றது. பச்சைக் கதியாலை மண்ணில் ஊன்றினால் தளிர்த்து வேரோடி, பூச்செடிக்குரிய நீரையும் எருவையும் தானே குடித்துவிடும்.

தேக்கு இந்நாட்டு இயற்கை மரமன்று. ஒல்லாந்தர் காலத்திலே கொண்டுவரப்பட்டுப் பின்னர் உலர்வலயத்திலே பெருந்தோட்டங்களாக வளர்க்கப்பட்டது. முதிர்ந்த தேக்கின் வயிரம் மண்ணில் நெடுங்காலம் தாங்கும். ஆனால் தோட்டத்திலே நெருக்கம் குறைப்பதற்காக வெட்டப்படும் இளந்தேக்கில் வெள்ளையின் பங்கு மிகுதி. அதனை முதிர்தேக்கின் விலைக்கு வாங்குவோர் ஏமாந்தவராவர்.

மா, இலவு, ரப்பர், தேயிலைத் தோட்டங்களிலே நிழலுக்காக வளர்க்கும் கிரவில்லியா, மலைச்சரிவுகளில் நட்ட பைன் ஆகியவை மண்ணோடு சேரின் விரைவில் உக்குபவை. இவற்றுக்கு வீட்டினுள்ளே வேறு பயன் உண்டு. பாத்தியிலே இவை ஓரிரு ஆண்டு விருந்தினரே. மலைநாட்டிலே மழை மிகுதியாதலால், அங்கே இவற்றின் ஆயுள் இன்னும் குறையும்.

பட்டினங்களிலே, சரக்கு ஏற்றிவரும் மரத்தட்டுகளைப் பிரித்துப் பாத்தி கட்டும் வழக்கமும் உண்டு. இவற்றிலே சுட்டுப் பொறித்த முத்திரை ஒன்று இருக்கும். எச். ரி. என்ற எழுத்துகள் இருப்பின் அது வெப்பத்தாற் பூச்சி நீக்கப்பட்டது. எம். பி. என்றிருப்பின் மீதைல் புரோமைட்டு என்னும் நச்சுவாயு ஊட்டப்பட்டது; அதை விலக்குக. முத்திரை நன்றாயிருப்பினும், எண்ணெயோ மருந்தோ சிந்திய கறை உள்ள தட்டு ஆகாது. எப்படியாயினும் இவை மெல்லிய மரங்கள், நெடுநாள் நில்லா.

இனி நஞ்சைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். மெலிந்த மரத்தை மருந்தூட்டி நிலைக்கச்செய்யும் முயற்சி இன்று நேற்று வந்ததன்று. நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கும் கிரியோசோற்று எண்ணெயை மரத்தினுள் அமுக்கத்தாற் செலுத்தும் முறைக்கு ஜோன் பெத்தல் என்பார் 1838ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் உரிமைப்பத்திரம் பெற்றார். ரயில் சிலிப்பர்கட்டைக்கும் தந்திக்கம்பத்துக்கும் அது உலகெங்கும் பயன்பட்டது. பின்னர் 1933ஆம் ஆண்டில், சொண்டி காமேசன் என்னும் இந்திய அறிஞர் செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகிய மூன்றையும் சேர்த்த மருந்தொன்றைக் கண்டுபிடித்தார். அதுவும் உலகெங்கும் பரவியது. அம்மருந்தூட்டிய மரம் இளம்பச்சை நிறம் பெற்றுப் பல பத்தாண்டுகள் நின்றது. மரத்தின் பகைவரை வென்றாயிற்று என்றே மக்கள் கருதினர். ஆனால் ஆசனிக்கு என்பது பாஷாணம். அது மெல்ல மெல்லக் கசிந்து அருகிலுள்ள மண்ணிலே சேர்வது பின்னர்த் தெரியவந்தது. 2003ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்க நாட்டு உற்பத்தியாளர் வீட்டுத் தேவைகளிற் பெரும்பாலானவற்றுக்கு அம்மருந்தை விட்டனர். கிரியோசோற்றும் புற்றுநோயை விளைவிக்கக்கூடியதென எண்ணப்படுகின்றது. ஆசனிக்கு இல்லாத செம்பு மருந்துகள் இப்போது வந்துள்ளன. இவை முன்னையவற்றினும் தீங்கு குறைந்தவை; எனினும் எந்த மருந்து ஊட்டப்பட்டதென விற்பவர் சொல்ல முடியாத மரத்தைப் பாத்திக்குக் கொள்ளாமையே அறிவுடைமை.

இந்நாட்டிலே இதனினும் எளிய நஞ்சொன்று வழக்கத்தில் உண்டு. வாகனத்திலிருந்து வடித்த பழைய என்ஜின் ஒயிலை வேலிக்கட்டையின் அடியிலே பூசுவதே அது. காசு செலவில்லை; கறையானும் சில காலம் அணுகாது. ஆயினும் எரிந்து கழிந்த அந்த எண்ணெயிலே உலோகத் துகள்களும், தீய கரிப்பொருள்களும் கலந்துள்ளன. வேலியின் புறத்தே பூசுவதே நன்றன்று. பாத்தியின் உட்புறத்தே பூசுவது பெருந்தவறு. பூச்செடிக்குத்தானே, உண்பதற்கு அன்றே என்று சிலர் கூறுவர். பூம்பாத்தி என்று தொடங்கியதன் ஓரத்திலே ஒரு கீரைப்பிடியும் இரண்டு மிளகாய்க் கன்றும் வந்து சேர்வது எந்த வீட்டிலும் காணக்கூடியதே. அன்றியும், அந்த மண்ணைக் கிளறுவது யார்? வீட்டுப் பெண்களும், முதியோரும், பாடசாலைப் பிள்ளைகளும். மண் அளைந்த கையைக் கழுவாமல் வாயிலே வைக்கும் வயதுப் பிள்ளைகளும் அவருள் உண்டு. மரம் உக்கினால் வேறு பலகை வாங்கலாம். மண்ணிலே சேர்ந்த ஆசனிக்கையும் ஈயத்தையும் திரும்ப எடுப்பது அரிது. கரிய எண்ணெய் மணமும் பிசுக்கும் உடைய பழைய சிலிப்பர்கட்டை எவ்வளவு உறுதியாயினும் பாத்திக்கு வேண்டாம் என்பதும் இதுபற்றியே. போராக்சு என்னும் வெண்காரம் போன்ற மருந்துகள் தீங்கு குறைந்தவையாயினும், மழையில் கரைந்து வெளியேறிவிடுவதால் மண்ணிலிருக்கும் மரத்துக்கு அவை உதவா.

அப்படியாயின் நஞ்சின்றி மரத்தின் ஆயுளை நீட்டும் வழி உண்டா? உண்டு. மரத்தை ஈரத்தினின்றும் இயன்ற அளவு பிரித்து வைப்பதே அவ்வழி.

பலகையின் அடியை நேரே மண்ணிலே புதைத்தல் ஆகாது. பலகை நிற்கவேண்டிய இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குக் கல்லையோ உடைந்த செங்கல்லையோ பரப்பி, அதன்மேலே பலகையை நிறுத்தினால் நீர் வடிந்துபோகும். கறையான் பாதை எழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். பலகையின் இரு முனைகளிலும் நார்கள் வெட்டுண்டு வாய்திறந்து நிற்கின்றன. பக்கங்களைவிட முனையே பன்மடங்கு விரைவாக நீரைக் குடிக்கும். ஆகவே, சட்டம் பூட்டுமுன் முனைகளைத் தேன்மெழுகாலோ ஆளிவிதை எண்ணெயாலோ அடைத்தல் நன்று. உட்புறத்திலே பொலித்தீன் விரிப்பவர், பக்கங்களில் மாத்திரம் விரிக்கவேண்டும். அடியில் விரித்தால் நீர் தேங்கி வேர் அழுகும். மேல்விளிம்பிலே அதனை இறுக்கி அறையாவிட்டால் பலகைக்கும் பொலித்தீனுக்கும் இடையே நீர் புகுந்து, காக்கவந்ததே கேடாகிவிடும்.

பலகையின் தடிப்பையும் கருதவேண்டும். எட்டடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரமுள்ள பாத்தியிலே 32 கன அடி மண் கொள்ளும். மழையில் நனைந்த மண் கன அடிக்கு ஏறத்தாழ 100 இறாத்தல் நிறுக்குமென்று கொண்டால், அந்தச் சிறு பாத்தி 3,200 இறாத்தல் சுமக்கின்றது. ஏறக்குறைய ஒன்றரைத் தொன். அந்தப் பாரம் வெளிநோக்கித் தள்ளும்போது முக்கால் அங்குலப் பலகை வளையாமல் என் செய்யும்? ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத பலகையே வேண்டும். இரண்டு அங்குலமாயின் இன்னும் நன்று. நாலடிக்கு ஒரு முளைக்கட்டை நிறுத்தவேண்டும். முளையே மண்ணில் ஆழ நிற்பதாதலால், கையிலிருக்கும் மரங்களுள் வயிரம் மிகுந்ததை முளைக்குக் கொண்டு, மற்றதைப் பலகைக்குக் கொள்க. சாதாரண இரும்பாணி ஈரத்தில் துருப்பிடித்து இரண்டொரு மாரியில் அறும். நாகம் பூசிய ஆணியோ திருகாணியோ வேண்டும். பாத்தியின் அகலம் நாலடிக்கு மேற்படலாகாது. அப்போதுதான் இரு பக்கத்திலிருந்தும் நடுவுக்குக் கை எட்டும். சிறுவருக்காயின் மூன்றடி போதும்.

மரக்காலைக்குச் செல்வோர் செய்யத்தக்கது யாது? பெரும்பாலும் அங்கே நடப்பது இதுதான். “இது என்ன மரம், முதலாளி?” என்று வாங்குபவர் கேட்பார். “நல்ல தேக்கு, ஐயா, பயப்படாமல் கொண்டு போங்கோ” என்று விற்பவர் சொல்வார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். விற்பவர் சொன்னது பொய்யுமன்று. கேள்விதான் போதாது. பலகையின் முனையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். அங்கே வெளிறிய பகுதி எவ்வளவு, நிறமேறிய பகுதி எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியும். வெள்ளை மூன்றிலொரு பங்குக்கு மேலாயின் அதனை ஒதுக்குக. ஒரே அளவான இரண்டு பலகைகளைக் கையில் ஏந்தி நிறை பார்க்கவேண்டும். இரண்டும் நன்றாக உலர்ந்தவையாயின் கனமானது பெரும்பாலும் மேல். விரல்நகத்தால் அழுத்தித் தடம் விழுகின்றதா என்று பார்க்கவேண்டும். சிறு துளைகளும் அவற்றினின்று உதிரும் மாவும் இருப்பின் அது உளுத்த மரம். தட்டினால் கணீரென்று ஒலிப்பது நலமுள்ளது. மந்தமாக ஒலிப்பது உள்ளே ஊறியோ உக்கியோ இருக்கின்றது. பச்சை மரமாயின் வெயிலில் முறுக்கி வெடிக்கும். சில மாதம் நிழலிலே அடுக்கி உலர்த்திய பின்னரே பூட்டவேண்டும். பக்கத்திலே ஒரு முதிய தச்சரோ ஓடாவியோ இருப்பாராயின் அவரை அழைத்துச் செல்வது, இச்சோதனைகள் எல்லாவற்றிலும் சிறந்த சோதனை.

இறுதியாக ஒன்றைக் கருதவேண்டும். எல்லாப் பாத்தியும் இருபதாண்டு நிற்கவேண்டுமென்பதில்லை. ரோசாவும் மல்லிகையும் நட்டு நெடுங்காலம் பேணும் வீட்டு முகப்புப் பாத்திக்குப் பழைய முதிரையோ பனைவயிரமோ முதிர்தேக்கோ தகும். மாரிக்கு மாரி செவ்வந்தியும் காசித்தும்பையும் மாற்றி நடும் பாத்திக்கும், ஆண்டுதோறும் புதிய மாணவர் வந்து இடத்தையே மாற்றி அமைக்கும் பாடசாலைத் தோட்டத்துக்கும் அத்தகைய மரம் எதற்கு? அங்கே தென்னந்துண்டோ மாம்பலகையோ போதும். மூன்று ஆண்டில் அது உக்கட்டும். நஞ்சு கலவாத மரம் உக்குவது நட்டமன்று. அது எருவாகி, தான் தாங்கி நின்ற அந்தப் பாத்திக்கே உணவாகும். பாத்தி எத்தனை ஆண்டுக்கு என்பதை முதலில் முடிவுசெய்து, அத்தனை ஆண்டுக்குப் போதிய வயிரமுள்ள மரத்தைத் தேர்ந்து, அதனை ஈரத்தினின்று காத்து வைப்பவர் காட்டையும் அழிக்கமாட்டார், மண்ணையும் கெடுக்கமாட்டார். அடுத்த மாரி தொடங்குமுன் பாத்தி கட்ட எண்ணியிருக்கும் நேயர்கள், மண்ணையும் விதையையும் தேடப் புறப்படும் அதே நாளிலே, வளவிலே கிடக்கும் பழைய மரங்களையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.